அது யாருடைய காரியம்?

திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதுமுன் பெற்றோரைப் பார்த்து, "ஏன் இந்தப் பெயரைத் தேர்ந்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். பாட்டனார் பெயர் என்பர் சிலர். வேளாங்கண்ணிக்கு நடந்து சென்று வேண்டிப் பெற்ற பிள்ளை என்பர் சிலர். பிள்ளை பிறந்த நாள் எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயர் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், பெயரிடுதல் வெறும் அடையாளக் குறி அன்று. இந்தப் பிள்ளை அவரைப் போல வளரட்டும் என்னும் மன்றாட்டு அதற்குள் அடங்கியிருக்கிறது.

மதுரைக்கு மேற்கே, செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி வரை பரந்து கிடக்கும் புஞ்சை நிலப்பகுதியில், பிரமலைக் கள்ளர் குடும்பங்களில் 'ரோசாப்பு' என்று ஆண்பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தாருள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு கிறிஸ்தவர். தமிழரும் அல்லர், கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்தவர். மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்து மறைந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்தான் அவர்கள் கொண்டாடிய 'ரோசாப்பூ துரை'. மேல்சட்டையில் அவர் ரோசாப்பூ அணிந்திருந்ததால் வந்த பெயர் என்பாரும் உண்டு. 'ஜோசப்' என்னும் பெயரே சிற்றூர் மக்களின் நாவில் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. அதே பெயரை நம் முன்னோர் 'சூசை' என்றும் 'யோசேப்பு' என்றும் தமிழாக்கி அழைத்தார்கள். இவர்கள் அதைப் பூவாக்கிக் கொண்டார்கள்.

புனிதர் பட்டத்திற்கு உரோமையில் எத்தனையோ விசாரணைகள் நடக்கின்றன. இந்த எளிய மக்கள் எந்த விசாரணையும் இன்றி, தங்களுக்காகப் பேசிய ஒருவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டார்கள். அந்த மனிதரை நினைவுகூரும்போது, அவர் வாழ்க்கை நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. பிறருடைய துன்பத்தில் தலையிட எனக்கு என்ன உரிமை? அது யாருடைய காரியம்?

மதுரைக்கு வந்தவர்

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், தோமையார் மரபில் வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பத்திரிகையாளராக விளங்கிய போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்று, இலண்டனில் சட்டப்படிப்பை முடித்து 1909இல் தாயகம் திரும்பினார். அப்படித் திரும்பிய பாரிஸ்டர் ஒருவருக்குச் சென்னை உயர்நீதிமன்றமே இயல்பான களம். அவரோ சிறிது காலத்திலேயே மதுரைக்கு வந்து, அதையே தம் ஊராக்கிக் கொண்டார்.

ஹோம் ரூல் இயக்கம் மதுரையில் வேரூன்ற உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வியக்கத்தின் கோரிக்கையை இங்கிலாந்தில் எடுத்துரைக்கப் புறப்பட்டபோது, ஜிப்ரால்டர் துறைமுகத்திலேயே தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1918இல் மதுரைத் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணைநின்றார். அந்தச் சங்கத்தின் தொடக்க காலப் போராட்டங்களால் ஆலைத் தொழிலாளருக்குக் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருவாய் தந்த தொழிலை விட்டார். மோதிலால் நேரு நடத்திய 'இண்டிபெண்டெண்ட்' நாளிதழுக்கு அலகாபாத்தில் ஆசிரியரானார்; 1921இல் கைதாகி நேரு குடும்பத்தாரோடு சிறையில் இருந்தார். 1923இல் காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார்.

ஆனால் ரோசாப்பு என்னும் பெயர் நிலைத்தது இவற்றால் அன்று. உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவருக்கு அலகாபாத்து நாளிதழோடு என்ன தொடர்பு? அவர் அறிந்தது ஒன்றுதான்: தன்னைத் திருடன் என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்த காலத்தில், 'இவன் திருடன் அல்லன்' என்று நீதிமன்றத்தில் ஒரு துரை எழுந்து நின்று சொன்னார்.

முத்திரை குத்தப்பட்டவர்கள்

குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றி இளைய தலைமுறை விரிவாக அறியாதிருக்கலாம். 1871இல் வடநாட்டில் தொடங்கிய அச்சட்டம் 1911இல் திருத்தி விரிக்கப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அடுத்துவந்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது. ஒருவன் குற்றம் செய்தான் என்று மெய்ப்பித்துத் தண்டிப்பது சட்டத்தின் இயல்பு. இந்தச் சட்டமோ பிறப்பையே குற்றமாக்கியது. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்ணெதிரே இருக்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க இயலாதபடி சட்டத்திலேயே கதவடைத்திருந்தார்கள். மனைவிக்குப் பேறுகால வலி கண்ட இரவிலும் கணவன் காவல் நிலையத்தில் கிடக்க நேரும் நிலையை எண்ணிப் பார்த்தால், அதன் கொடுமை விளங்கும்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தார்கள். காவலர் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மக்கள் ஒரு வழக்கறிஞர் வந்து எழுப்பிவிடும்வரை உறங்கிக் கிடந்தவர்கள் அல்லர். தம் மானத்தைத் தாமே காக்க நின்றவர்கள். நீதிமன்றத்தில் அவர்கள் குரல் ஏறாத இடத்தில் அதை ஏற்றுவதுதான் ஜார்ஜ் ஜோசப்புக்கு வாய்த்த பணி. அவர்கள் சார்பில் வழக்காடினார். அச்சட்டத்துக்கு எதிராக எழுதினார்.

சட்டம் ஒழிந்ததை அவர் காணவில்லை. சிறைவாசமும் ஓயாத உழைப்பும் உடலைத் தளர்த்தியிருந்தன. 1937இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1938 மார்ச் 5ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். ஐம்பத்தோராம் வயதும் நிறையவில்லை. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல். நாடு முழுவதும் நீங்கியது 1952இல். தாம் வாதாடிய வழக்கின் தீர்ப்பைக் கேளாமலே வழக்கறிஞர் போய்விட்டார்.

காந்தியடிகளின் கடிதம்

இனி, அவர் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். நம் கேள்வி கூர்மையாக எழுவது அங்கேதான்.

1924 மார்ச் 30ஆம் நாள் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. வைக்கத்து மகாதேவர் கோவிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கத் தடை இருந்தது. அதே சாலையில் கிறிஸ்தவர் நடக்கலாம், இசுலாமியர் நடக்கலாம். ஆகவே ஜார்ஜ் ஜோசப்பை அங்கே தடுப்பார் எவரும் இல்லை. இருந்தும் அவர் போராட்டத்தில் இறங்கினார். மற்றத் தலைவர்கள் கைதானபோது அதை முன்னின்று நடத்தினார்.

அப்போது, ஏப்ரல் 6ஆம் நாள், காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: தீண்டாமை இந்துக்களின் பாவம், தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களே, ஆகவே இந்தப் பணியை அவர்களிடமே விட்டுவிடுங்கள், உங்கள் அனுதாபமும் எழுத்தும் துணையிருக்கலாம், ஆனால் நீங்கள் முன்னின்று நடத்தவோ சத்தியாகிரகம் செய்யவோ வேண்டாம். சில நாட்களில் ஜார்ஜ் ஜோசப் கைது செய்யப்பட்டார். பின்னர் பெரியார் அங்கே சென்று போராட்டத்துக்கு உரமூட்டியது தமிழுலகம் நன்கறிந்த வரலாறு.

இருவருள் யார் சொன்னது சரி? எடுத்த எடுப்பில் நம் உள்ளம் ஜார்ஜ் ஜோசப்பின் பக்கமே சாயும். பொதுச்சாலையில் நடப்பது குடிமக்கள் யாவருக்கும் உரிய உரிமை. அதற்காகக் குரல் கொடுக்க ஒருவன் எந்தச் சமயத்தவனாய் இருந்தால் என்ன? ஆயினும் காந்தியடிகளை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மனந்திரும்புதலை ஒருவனுக்காக மற்றொருவன் செய்ய முடியாது என்பது நம் திருச்சபையின் நெடுநாள் படிப்பினையும் ஆகும். ஒப்புரவு அருட்சாதனத்தில் என் பாவத்தை அண்டை வீட்டார் வந்து அறிக்கையிட்டால் அது அறிக்கை ஆகுமா? அது புறங்கூறுதல். பாவத்தை அறிக்கையிடுவதும் பரிகாரம் செய்வதும் பாவி தாமே நிறைவேற்ற வேண்டிய கடமைகள்.

பல ஆண்டுகள் என்னை அலைக்கழித்த முரண் இது. இதற்கு விடை தேடிய எனக்கு, நற்செய்தியில் வேறொரு வழக்கறிஞர் துணைக்கு வந்தார்.

எரிகோ சாலையில்

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவரைச் சோதிக்கும் நோக்கோடு கேள்வி கேட்க எழுந்தவர் ஒரு திருச்சட்ட அறிஞர். நல்ல சமாரியர் உவமை அவருக்குச் சொல்லப்பட்ட விடை. தமக்கு அடுத்திருப்பவர் எவர் என்று அவர் கேட்டது சட்டம் பயின்றவர் கேட்கும் கேள்வியே. அன்பு செய்யும் கடமை எதுவரை, எந்த வேலிக்கு அப்பால் அது நின்றுவிடும் என்பதை வரையறுத்துச் சொல்லுமாறு அவர் கேட்டார். ஆண்டவர் வரையறை தரவில்லை. ஒரு சாலையைக் காட்டினார். கதை முடிந்தபின், அந்த மூவருள் காயப்பட்டவனுக்கு அடுத்திருப்பவராய் நடந்துகொண்டவர் எவர் என்று கேள்வியையே திருப்பிப் போட்டார். அடுத்திருத்தல் என்பது பிறப்பாலும் எல்லையாலும் வருவதன்று. நெருங்கிச் செல்வதால் உண்டாவது.

இந்த உவமையைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் பெருங்காமநல்லூரை எண்ணியபின் அதில் ஒரு புதிய கடுமை தெரிந்தது. கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடப்பவனுக்கு இரங்குவது அத்தனை அரிதன்று. கள்வர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களே சாலையோரம் காயப்பட்டுக் கிடந்தால்? அப்போது குருவும் லேவியரும் மட்டும் அல்லர், ஊரே விலகிப் போகும். அவ்வாறு விலகுவதை நியாயம் என்றும் சொல்லும். ஜார்ஜ் ஜோசப் விலகிப் போகவில்லை. கல்விமான்களும் கனவான்களும் சட்டத்தின் கண்ணால் பார்த்த மக்களை, அவர் காயத்தின் வழியாகப் பார்த்தார்.

தூய ஆவியாரைக் குறிக்க யோவான் நற்செய்தி ஆளும் கிரேக்கச் சொல் 'பராக்கிளித்தோஸ்'. நீதிமன்றச் சூழலிலும் வழங்கிய சொல் அது. அருகில் வந்து துணைநிற்குமாறு அழைக்கப்பட்டவர் என்பது அதன் வேர்ப்பொருள். நாம் அதைத் துணையாளர் என்கிறோம். முன்னோர் தேற்றரவாளர் என்றனர். வழக்கறிஞர் தொழிலின் மேன்மை இதில்தான் இருக்கிறது. பிறர் காரியத்தைத் தன் காரியமாக ஏற்றுப் பேசுவதே அத்தொழில். 'இது என் காரியமன்று' என்று வழக்கறிஞர் சொல்லத் தொடங்கினால், நீதிமன்றத்தில் வலியவரும் வாயுள்ளவரும் மட்டுமே மிஞ்சுவர்.

நான் செல்லாத சாலை

இப்படி எழுதுகின்ற நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்ப் பங்கில் நான் இருந்தபோது, இரவு செபமாலை முடிந்து கதவை அடைக்கும் நேரத்தில் ஒரு தாய் வந்து நின்றார். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். ஊரில் நடந்த ஒரு களவுக்காக அவர் மகனைக் காவலர் பிடித்துப் போயிருந்தனர்.

"சாமி, ஸ்டேசனுக்கு ஒரு எட்டு வந்து நின்னீங்கன்னாப் போதும். அவன் எடுக்கலை சாமி" என்று அழுதார்.

"உங்க ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்கம்மா. நான் வந்தா வேற மாதிரிப் பேசுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது முழுப் பொய்யன்று. ஒரு குரு இத்தகைய காரியத்தில் தலையிட்டால் வீண் பேச்சு எழக்கூடும் என்பது உண்மை. மூன்று நாள் கழித்துப் பையன் வீடு திரும்பினான். களவை அவன் செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளில் அவனுக்கு நேர்ந்தவை அவன் நடையிலேயே தெரிந்தன. அதன்பின் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்தத் தாய், "சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சென்றார். அந்தக் கும்பிடு என்னைக் குத்தியதுபோல் எந்த வசைமொழியும் குத்தியதில்லை. எரிகோ சாலையில் விலகிச் சென்றவரும் ஒரு குருதான் என்பதை அதன்பின் என்னால் மறக்க முடியவில்லை.

காந்தியடிகள் ஆழ்ந்த ஆன்மிகக் காரணத்தால் சொன்ன ஒன்றை நான் என் அச்சத்துக்குப் போர்வையாக்கிக் கொண்டேன். 'அது அவர்கள் காரியம்' என்னும் சொல் பணிவிலிருந்தும் வரலாம், கோழைத்தனத்திலிருந்தும் வரலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

இரு கடன்கள்

நான் கண்ட தெளிவு இது. அநீதி நடக்கும் இடத்தில் இரு கடன்கள் எழுகின்றன. காயப்பட்டவருக்குத் துணைநிற்பது ஒன்று. காயப்படுத்தியவர் மனந்திரும்புவது மற்றொன்று. முன்னது மனிதராய்ப் பிறந்த யாவருக்கும் உரியது. அதற்குச் சாதி, சமய எல்லை இல்லை. பின்னது தவறிழைத்தவருக்கும் அந்தத் தவற்றால் பயன் பெற்றவருக்கும் மட்டுமே உரியது. அதைப் பிறர் செலுத்த இயலாது. ஜார்ஜ் ஜோசப் முதற்கடனைக் கண்டார். காந்தியடிகள் இரண்டாம் கடனைக் கண்டார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

இவ்விரு கடன்களும் தீர்க்கப்பட்டதற்கு மதுரையே சாட்சி. ஜார்ஜ் ஜோசப் மறைந்து பதினாறு மாதங்கள் கழிந்தபின், 1939 ஜூலை 8ஆம் நாள், அதே மதுரையின் மற்றொரு வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய கக்கன் அந்த ஐவருள் ஒருவர். வைத்தியநாதய்யர் பிறந்த சமூகத்திலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் அதைத் தாங்கிக்கொண்டார். அந்தக் கதவைத் திறப்பது அவர் தம் வீட்டாரோடு தீர்க்க வேண்டிய கணக்கு. எரிகோ சாலையில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்ப்பது வெளியாரான சமாரியரின் கணக்கு. ஒரே ஊர் இரு வழக்கறிஞர்களால் இரு கணக்குகளுக்கும் முகம் கொடுத்தது.

அப்படியானால் நம் கணக்கு என்ன, அன்பர்களே? வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றோரும் கத்தோலிக்கரே. ஆலயத்துச் சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டங்களில் அது எல்லா இடத்திலும் போய்விட்டதா? தேர்ப்பவனி செல்லும் தெருக்களைத் தீர்மானிக்கும்போது, பங்குப் பேரவைக்கு ஆள் தேடும்போது, பெண் பார்க்கும்போது அது நம்மிடையே எழும்புவதில்லையா? பிற சமயத்தாரின் சாதிக்கொடுமையைப் பற்றி நாம் உரக்கப் பேசுகிறோம். துணைநிற்கும் கடனைச் செலுத்துவதாக அதற்குப் பெயரும் சூட்டுகிறோம். காந்தியடிகளின் கடிதத்தை இன்று நம் முகவரிக்கு வந்ததாகப் படித்துப் பார்ப்போம்: உங்கள் பாவத்துக்கு நீங்களே மனந்திரும்புங்கள், அதை வேறெவரும் உங்களுக்காகச் செய்ய இயலாது. அந்தக் கடிதத்துக்கு நாம் எழுதும் பதில் என்ன?

எப்படி நினைவுகூர்வது?

பெரியோரை நினைவுகூர நமக்குப் பழகிய வழிகள் உண்டு. படத்துக்கு மாலை இடுகிறோம்; ஆண்டுத் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம்; மலர் வெளியிடுகிறோம். இவற்றில் பிழையில்லை. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் கண்ட வழி இவற்றினும் உயர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. படம் சுவரில் இருக்கும். நாம் விரும்பும்போது பார்க்கலாம். பிள்ளைக்கு இட்ட பெயரையோ நாள்தோறும் கூப்பிட வேண்டும். கோபத்திலும் கூப்பிட வேண்டும், சோற்றுக்கும் கூப்பிட வேண்டும். கூப்பிடும் ஒவ்வொரு முறையும், தமக்காக நின்ற ஒருவர் இருந்தார் என்பதை அந்த வீடு தன்னையறியாமலே சொல்லிக்கொள்கிறது.

சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அவர் திரும்பி வந்ததாகக் கதையில் இல்லை. ஜார்ஜ் ஜோசப்பும் இடைவழியிலேயே விடைபெற்றார். மிச்சச் செலவு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செபமாலை முடிந்து கதவடைக்கும் நேரத்தில் இப்போதும் சில இரவுகளில் யாரேனும் வந்து நிற்கிறார்கள். முன்போல் உடனே விடை சொல்ல எனக்கு நா எழுவதில்லை. வந்தவர் எந்த ஊர், எந்தக் குலம், எந்தச் சமயம் என்று கேட்க வாயெடுக்கும்போதே அந்தத் தாயின் கும்பிடு நினைவில் எழுகிறது. செருப்பைத் தேடி மாட்டிக்கொள்கிறேன். "வாங்க, போவோம்" என்கிறேன்.